விலக்குப் பட்டியல், வரி 207

பொன்னையா அண்ணாச்சி சிரித்துச் செத்த அன்றைக்கு மூன்று ஆம்புலன்ஸ் வந்தது.

மேலப்பாளையத்துப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, மைத்துனர் போனில் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, "சிரிச்சு சிரிச்சு செத்தே போனேன் மாப்ள" என்று சொன்னதுதான் அவர் செய்த குற்றம். ஏழு நிமிடத்தில் ஆட்கள் வந்து, கையில் சால்னா வழிய வழிய அவரைத் தூக்கிப் போனார்கள். தூக்கும்போது "கொல்லாதீங்கடே" என்று அவர் சொன்னதற்காக இரண்டாவது ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்குப் போய், "மானம் போச்சு, இனி உயிரோட இருந்து என்னத்துக்கு" என்று சம்சாரத்திடம் அலுத்துக்கொண்டதற்காக மூன்றாவது.

அவர் சட்டைக் காலரில் பித்தான் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. நீல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதல் ஆறு வாரம் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். மனச்சோர்வுக்கான பழைய மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நீல மாத்திரை ஆறே நாளில் ஆளை எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் எழுந்து உட்கார்ந்தவர்களில் சிலருக்கு, அதுவரை இல்லாத ஒரு நினைப்பும் கூடவே எழுந்து உட்கார்ந்தது. மாத்திரையைத் தடை செய்தால் பல்லாயிரம் பேர் படுக்கையிலேயே கிடப்பார்கள்; செய்யாவிட்டால் சில பேர் போய்விடுவார்கள். அரசாங்கம் யோசித்து, நடுவில் ஒரு கருவியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது. நோயாளி பேசுவதை நாளெல்லாம் அது கேட்கும். பேச்சில் சாவின் வாடை அடித்தால் ஆள் அனுப்பும். அதிகாரப்பூர்வமான பெயர் துணைச்செவி. ஊர் வைத்த பெயர் ஒட்டுக்கேட்டான்.

சிக்கல் என்னவென்றால், துணைச்செவிக்குத் தமிழ் தெரியும், தமிழர்களைத் தெரியாது. வெயிலில் சாகிறவர்கள், பசியில் சாகிறவர்கள், பஸ் நெரிசலில் உயிர் போகிறவர்கள், பிள்ளைகள் உயிரை வாங்குகிறவர்கள், எழவெடுத்தவர்கள், நாசமாய்ப் போகிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் நல்லபடியாக வீடு திரும்பிக் காபி குடிப்பார்கள் என்பது அதற்கு விளங்கவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் மட்டும் ஒரு நாளைக்கு நாலாயிரம் அலாரம் அடித்தது.

அதைச் சரிசெய்யத்தான், துணைச்செவியைச் செய்த கவனம் டெக்னாலஜிஸ் செல்வினை வேலைக்கு எடுத்தது. மொழியியல் எம்.ஏ. படித்துவிட்டு, இருபத்தாறு வயதில், மொழியியலுக்கும் ஒரு வேலை உண்டு என்று வீட்டில் நிரூபிக்க முடியாமல் திரிந்தவன் அவன். பாளையங்கோட்டையில் ஒரு கட்டில் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து அவன் ஒரு விலக்குப் பட்டியல் போட்டான். துணைச்செவி காதில் வாங்கக் கூடாத நானூற்றுப் பன்னிரண்டு பேச்சுகள். 'செத்தேன்' என்பதற்கு மட்டும் முப்பத்தெட்டு வகை. அலாரம் நாலாயிரத்திலிருந்து அறுபதுக்கு இறங்கியது. அவன் பெயர் எழுதி ஒரு கேக் வந்தது. 'செல்வின்' என்பதில் 'ன்' மட்டும் இடமில்லாமல் டப்பாவின் மேல் எழுதியிருந்தது.

அந்தப் பட்டியலை நம்பித்தான் அக்காவுக்கு அவன் நீல மாத்திரைக்குச் சம்மதித்தான்.

பியூலா அக்கா கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறவள். சொந்த ஊர் உடன்குடி. இங்கே தம்பியோடு வாடகை வீட்டில் இருந்தாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் கல்லூரிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தவள் நான்கு மாதம் திரும்பவில்லை. அழுகை, சண்டை எதுவும் கிடையாது. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், மூன்று வாய். டாக்டர் ஆவுடைநாயகத்திடம் ஆட்டோவில் கூட்டிப்போனபோது, இறங்கி நடப்பதற்கே ஆட்டோக்காரரும் இவனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்வினைத் தனியாகக் கூப்பிட்டார். அறுபது வயது, காதில் முடி, நோயாளி பேசும்போது மேஜைமேல் உள்ள பேனா மூடியைக்கூடத் தொடாத மனிதர்.

"தம்பி, வீட்டுல கரண்டு போயிட்டு வந்தா என்ன ஆகும்?"

"லைட் எரியும்."

"எல்லாம் ஒண்ணா எரியாது. பழைய ட்யூப்லைட்டு மினுக் மினுக்குன்னு யோசிச்சிக்கிட்டு இருக்கும். ஆனா அதுக்கு முன்னாலயே மிக்ஸி ஓடத் தொடங்கிரும். இந்த மாத்திரையும் அப்படித்தான். மொதல்ல கைகாலுக்குத் தெம்பு வரும். மனசுக்கு வெளிச்சம் பெறகுதான். நடுவுல ரெண்டு மூணு வாரம், இருட்டுக்குள்ள மிக்ஸி ஓடும். அங்கனதான் கை வெட்டுப்படும்."

"துணைச்செவி இருக்கே டாக்டர். அதுக்குப் பட்டியல் போட்டதே நான்தான்."

"சந்தோசம். நீயும் பாத்துக்கிடு."

ஆறாம் நாள் பியூலா எழுந்தாள். எட்டாம் நாள் கல்லூரிக்குப் போனாள். ஒன்பதாம் நாள் காலை, அவன் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஜன்னல் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைப் படம் எடுத்து உடன்குடிக்கு அனுப்பினான். அம்மா பதிலுக்கு ஏழு கும்பிடு அனுப்பினாள்.

அன்றைக்குக் காலாண்டுச் சரிபார்ப்பு. மாத்திரையைத் தொடங்கியவர்களில் ஐம்பது பேரின் பேச்சை ஆளுக்கொரு துண்டாக எடுத்துக் கேட்டு, பட்டியல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் இருக்காது, எண் மட்டும். செல்வின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முறுக்கைக் கடித்தபடி கேட்டான். சத்தம் வராமல் முறுக்குத் தின்பது அந்த வேலையில் அவன் கற்றுக்கொண்ட இன்னொரு திறமை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாங்க் அம்மாள் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டே வாய்ப்பாடு கேட்டாள். ஒரு மீன்காரர் பேரம் பேசினார். எல்லோர் குரலும் தெளிச்சியாக, மழை பெய்து ஓய்ந்த தெரு மாதிரி இருந்தது. பதினேழாவது துண்டின் கடைசியில், சடை முடிந்து அந்த அம்மாள் கிளம்பினாள். "சரி, போறேன்" என்றாள்.

செல்வின் முறுக்கை நிறுத்தினான். ஏன் நிறுத்தினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மீன்காரர் துண்டைக் கடைசிவரை ஓடவிட்டான். "போறேன் தாயி." ஒரு கல்லூரிப் பையன், அம்மாவிடம்: "போறேம்மா." ஒரு வாத்தியார், வகுப்பு முடிந்து: "நான் போறேன்."

நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் அப்படிச் சொல்வதில்லை. திருடப் போகிறவன்கூடப் 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். வெறும் 'போறேன்' சொன்னதற்காக ஐந்து வயதில் செல்வின் வாயில் ஓர் அடி வாங்கியிருக்கிறான். போனவர்கள் என்றால் ஒரே வகைதான். மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டு வருகிறவர்கள். இது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நாக்கு படித்துக்கொள்கிற பாடம். இங்கே பல பேருடைய நாக்கு அதை மறந்திருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாத ஆட்கள், வெவ்வேறு தெரு, வெவ்வேறு சாதி, மதம். அத்தனை பேரும் பிரியமான குரலில், அவசரமில்லாமல், வாக்கியத்தின் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

கோப்புகளின் மேல் குறிப்பு இருந்தது. சிலவற்றில் வாரம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சிலவற்றில் இரண்டோடு நின்று, பக்கத்தில் 'இடைநின்றவர்' என்றிருந்தது. ஐம்பதில் பதினொரு பேர் இடைநின்றவர்கள். 'போறேன்' சொன்னவர்களை ஒரு தாளில் எழுதி எண்ணினான். பதினொன்று. அதே பதினொன்று.

துணைச்செவி ஏன் கேட்கவில்லை என்று பார்க்க அவன் பட்டியலைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, சினிமாவுக்கு நேரமாகிறது என்று அவனே அடித்த வரி அது. வரி 207: 'போறேன், போயிட்டு வாரேன், வாரேன், கிளம்புதேன், போவோமா: எல்லாம் ஒன்றே. விலக்குக.' அடிக்கும்போது, மூடநம்பிக்கைக்கெல்லாம் மென்பொருளில் இடம் கிடையாது என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் பெருமையாகச் சொன்னதும் நினைவிருந்தது.

மேலாளர் தாரிணி மேடத்திடம் தாளோடு போனான். சென்னையிலிருந்து வந்தவர், இந்த ஊர் வெயிலையும் பேச்சையும் ஒரே அளவு பொறுத்துக்கொண்டவர்.

"மேடம், இடைநின்றவர்னா யாரு?"

"கருவி திரும்பி வந்துடும்ல, அவங்க."

"ஏன் திரும்பி வந்துச்சு?"

"அதுக்கு நம்ம ஃபார்ம்ல கட்டம் இல்லப்பா."

அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கேலி செய்யவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "செல்வின், பதினொண்ணுங்கிறது ரொம்பக் கம்மி. தற்செயலா இருக்கலாம். போறேன்னு சொன்னா அலாரம்னு வெச்சா, பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறவன் பாதிப் பேர் ஆம்புலன்ஸ்லதான் ஏறணும். மறுபடி நாலாயிரம். அப்புறம் கருவியே வேணாம்னுடுவாங்க, அப்ப அறுபதும் போச்சு. இல்லையா?"

தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஆனா சும்மா விட முடியாது. தலைமை ஆபீஸ்ல பேசறேன்." அரை மணியில் பேசிவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கே அப்டேட் போயிடும். நீ வீட்டுக்குப் போ, உன் அக்காவும் இதுல இருக்காங்கல்ல."

அவன் அதற்கு முன்பே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். காலையில் திரைச்சீலையைப் பிழிந்துகொண்டே அக்கா என்ன சொன்னாள், இவன் என்ன சொன்னான் என்று நினைத்துப் பார்த்தான். கிளம்பியது இவன். அவள் எதுவும் சொல்லவில்லை. நேற்று அவள் கல்லூரிக்குக் கிளம்பியபோது இவன் பாத்ரூமில் இருந்தான். "போறேன்டே" என்று கதவுக்கு வெளியே கேட்டது. இவன் உள்ளே பாடிக்கொண்டிருந்தான்.

வீடு திறந்திருந்தது. அக்கா இருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வந்த பெருமூச்சு கட்டில் கடைவரை கேட்டிருக்கும்.

"என்னல, அஞ்சு மணிக்கே வந்துட்ட? வேலைய விட்டுத் தூக்கிட்டானுவளா?"

"கரண்டு இல்ல. அதான்."

அவள் சிரித்தாள். நன்றாக இருந்தாள். தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டியிருந்தாள். காலரில்லாததால் ரவிக்கைத் தோளில் துணைச்செவி குத்தியிருந்தது. செல்வின் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனான். அலமாரியில் டப்பாக்கள் எல்லாம் துடைத்து, வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. அக்காவின் கையெழுத்து. துவரம்பருப்பு. கடுகு. அடுத்ததில்: 'செல்வின், இது உப்பு. சீனி பக்கத்து டப்பா.' காஸ் சிலிண்டரின் மேல்: 'செல்வின், முன்பதிவு எண் பின்னால் எழுதியிருக்கிறது.' பிரஷர் குக்கரின் மேல்: 'மூன்று விசில் போதும்.'

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அலமாரி முன்னால் நின்றான். கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. ஆனால் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே கொண்டுபோய் அவள் தலைக்குள் வைத்துவிட்டால்? சாவு என்ற சொல்லைப் பற்றி முப்பத்தெட்டு வகை எழுதியவனுக்கு, அதைச் சொந்த அக்காவிடம் ஒரு தடவை சொல்ல வாய் வரவில்லை. "டப்பால்லாம் சூப்பரா இருக்கு" என்றான்.

"உனக்குத்தான். தலையெழுத்து, உப்பு எது சீனி எதுன்னு தெரியாத பய." அவள் பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "கொயர் பிராக்டிஸ் இருக்கு."

வாசலில் நின்று திரும்பினாள். "சரி, போ…"

தோளில் துணைச்செவி மெல்ல ஒருமுறை அதிர்ந்தது. மேஜையில் கிடக்கும் போன் அதிர்வது மாதிரி, சின்ன 'விர்'. பியூலா கண்ணைச் சிமிட்டினாள்.

"…யிட்டு வாரேன்" என்றாள்.

செல்வினுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி இறங்கியது. பாதி வழியில் நின்றது. அவள் முகத்தில் அந்தச் சொல் இல்லை. வாய் மட்டும் சொல்லியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் மேஜையைத் தட்டியதும் பின்பெஞ்சு எழுந்து 'குட் மார்னிங் சார்' சொல்வது மாதிரி.

மணி ஐந்து பத்து. அப்டேட் வந்துவிட்டது. தலைமை ஆபீஸ் ரொம்ப சீரியஸாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. நோயாளி 'போறேன்' என்று தொடங்கினால் மீதியைச் சொல்லும்வரை கருவி மரியாதையாக நினைவூட்டும். நாளையிலிருந்து இந்த ஜில்லாவில் ஒருவரும் 'போறேன்' சொல்ல மாட்டார்கள். அடுத்த பதினொரு பேரும் நல்ல தமிழில் விடைபெற்றுக்கொண்டு போவார்கள். அலாரம் அறுபதும் ஐம்பதாகும். இன்னொரு கேக் வரும்.

இனி காது கொடுத்துக் கேட்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுக்கு அந்த வாசலில் விளங்கியது.

"அக்கா, நில்லு."

"என்னல?"

"சாகணும்னு தோணுதா உனக்கு?"

தெருவில் ஒரு தண்ணீர் வண்டி போனது. அது முக்கைத் தாண்டிப் போவதை அவள் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். ஒன்றை நேராக வைத்தாள், மற்றதை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க," என்றாள், தோளைத் தொட்டுக் காட்டி. "ஒருத்தரும் கேக்கலயேன்னு இருந்துச்சு."

"சொல்லு."

"எப்பவும் இல்லல. காலைல பல் தேய்க்கும்போது வரும். யாரோ பக்கத்துல நின்னு பேசுத மாதிரி. திட்டலாம் செய்யாது. ரொம்ப மரியாதையா, கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவங்க மாதிரி. 'பியூலா, போவோமா'ன்னு. எனக்குப் பயமே வரல பாத்துக்க. பயம் வரலயேன்னுதான் பயமா இருந்துச்சு."

"மாத்திரைக்கு முன்னால இந்த நெனப்பு வந்துச்சா?"

"அப்ப எந்திரிச்சுப் பல் தேய்க்கவே தெம்பு இல்லயேல."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சிரித்த வாக்கில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. நான்கு மாதத்தில் முதல்தடவையாக அழுதாள். துணைச்செவி ஒன்றும் சொல்லவில்லை. 'போவோமா' அவன் போட்ட விலக்கில்தான் இருந்தது.

ஆறு மணிக்கு டாக்டரின் கிளினிக்கில் இருந்தார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் வழிநெடுக அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். டாக்டர் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அளவைக் குறைத்தார். "திடுதிப்புன்னு நிறுத்தப்படாதும்மா, அது இன்னொரு கூத்து. படிப்படியா மாத்துவோம். அதுவரைக்கும் ராத்திரி பகல் தனியா இருக்க வேண்டாம். அம்மாவ வரச் சொல்லுங்க. அந்தக் குரல் வந்தா, எத்தனை மணின்னாலும் எனக்குப் போன் போடுங்க. அது ஒங்க குரல் இல்ல, பாத்துக்கிடுங்க. இருட்டுல ஓடுத மிக்ஸி." பியூலா தலையசைத்தாள். தோளிலிருந்த கருவியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தாள். அது மேஜைமேலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

செல்வின் நடந்ததையெல்லாம் டாக்டரிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை நாலு மணியையும் சொன்னான். சினிமாவையும்.

ஆவுடைநாயகம் திட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து நீளமான நோட்டை எடுத்தார். "என்கிட்ட இந்த மாத்திரைல ஆறு வாரத்துக்குள்ள இருக்கவங்க முப்பத்தொம்பது பேரு. எனக்குப் பதிமூணு, நர்ஸம்மாவுக்குப் பதிமூணு, ஒனக்குப் பதிமூணு. போன எடு."

"நான் டாக்டர் இல்லயே."

"பட்டியல் போடும்போது டாக்டராவா இருந்த?"

செல்வின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "எப்படிக் கேக்கணும்?"

"இன்னைக்கு ஒங்க அக்காட்ட எப்படிக் கேட்ட? அப்படித்தான். சுத்தி வளைக்காத. கேட்டா நெனப்பு வந்துரும்னு பயப்படாத, இருக்கவனுக்குத்தான் இருக்கும். ஆமான்னு சொன்னா போன என்கிட்ட குடு. வைக்க மட்டும் விட்டுராத."

முதல் எண்ணில் ஓர் அம்மாள் எடுத்தார். கேள்வியைக் கேட்டதும், "விளக்கு வைக்குத நேரத்துல என்னய்யா பேச்சு இது?" என்று பொரிந்தார். செல்வின் பொறுமையாக, "அப்ப இல்லயாம்மா?" என்றான். "இல்லய்யா" என்றார். வைப்பதற்கு முன், "கேட்டதுக்கு நல்லாருப்ப" என்றும் சொன்னார். இரண்டாவது எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு நேராக நோட்டில் ஒரு புள்ளி வைத்தான். யாராவது நேரில் போக வேண்டும். பக்கத்து நாற்காலியில் பியூலா, அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது எண்ணில் ஓர் ஆண் குரல். பின்னால் ஹாரன் சத்தம், காற்று. "சொல்லுங்க" என்றது, நல்ல உற்சாகமாக.

செல்வின் தன் பெயரையும் டாக்டரின் பெயரையும் சொன்னான். பிறகு கேட்டான்.

ஹாரன்கள் மட்டும் கேட்டன. ஒரு பஸ் கடந்து போனது. அவன் வைக்கவில்லை; அந்த ஆளும் வைக்கவில்லை. டாக்டர் தன் கையிலிருந்த போனைக் காதிலிருந்து இறக்கி, இவன் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி," என்றது அந்தக் குரல், இப்போது வேறு ஆள் மாதிரி. "வண்டிய ஓரமா நிறுத்திக்கிடுதேன்."